எம்.பி.யிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்? தோட்டத்து மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். பதினொரு வருஷமாக இதைச் செய்து வருகிறேன். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ பக்கத்துத் தோட்டங்களில் இருந்தும் ஆட்கள் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் "எம்.பி. ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். எழுதிக் கொண்டிருக்கும்போதே கேள்விகள் வரும். அந்தக் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும்தான் இவை. இலங்கை மலையகத்தின் நுவரெலியா மாவட்டத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எம்.பி. பாராளுமன்றத்தில் பேசுவதால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

பேசிய அன்றைக்கு ஒன்றும் கிடைக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கே பேசுவது ஹன்சாட்டில், அதாவது பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவேட்டில், அச்சாகிறது. அமைச்சர் சொல்லும் பதிலும் அதிலேயே வருகிறது. "அடுத்த வருஷம் செய்து தருகிறோம்" என்று ஒரு அமைச்சர் சபையில் சொல்லிவிட்டால், அடுத்த வருஷம் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். தேர்தல் மேடையில் சொன்னதை அப்படிக் கேட்க முடியாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் காசு செலவழிக்க முடியாது என்று சொல்லி வந்தன. நாங்கள் சபைக்கு ஓட்டுப் போடுவோம், எங்கள் ஆட்களே உறுப்பினர்களாகவும் இருப்பார்கள். ஆனால் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு விளக்குப் போடச் சொன்னால், "அது கம்பனி இடம், சட்டம் விடாது" என்று பதில் வரும். சின்ன வயதில் எனக்கு அது புரியவே இல்லை. டவுனில் தார் ரோடு முடிகிற இடத்தில் இருந்து எங்கள் மலை தொடங்கும், அதோடு சபையின் வேலையும் முடிந்துவிடும். இதை மேடைகளில் பேசினார்கள், சிவில் அமைப்புகள் எழுதின, பாராளுமன்றத்தில் மலையக உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கிளப்பினார்கள். கடைசியில் 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அவ்வளவு காலம் எடுத்ததை நினைத்தால் வேதனைதான். இருந்தாலும், அந்தப் பிரிவு சபையில் பேசித்தான் மாறியது.

எங்கள் தாத்தா ஓட்டைப் பற்றிப் பேசினாலே கண் கலங்குவார். ஏன்?

அவருக்கு அது பறிபோய்த் திரும்பி வந்த பொருள்.

தோட்டங்களுக்குள் வெளி ஆட்கள் நுழையவே முடியாத காலம் ஒன்று இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரிபோல வேஷம் போட்டுத்தான் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்தார். அவர் 1936இல் அட்டன் தொகுதியில் இருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி எங்களுக்காகப் பேசினார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் இருந்து போனார்.

அதற்கு அடுத்த வருஷமே 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜாவுரிமை இல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்றாக்கினார்கள். ஏழு பேரை அனுப்பிய மக்கள் 1952 தேர்தலில் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. அந்த வருஷம் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தும் பார்த்தார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலை எண்ணிப் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டன. எங்கள் லயத்தில் ஒரே குடும்பத்தில் அண்ணன் ராமேஸ்வரம் கப்பலுக்குப் போனார், தம்பி இங்கேயே நின்றார். பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

1947க்குப் பிறகு தேர்தலில் நின்று வென்று ஒரு மலையகத் தமிழர் சபைக்குள் போனது 1977இல்தான். நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் மூன்றாமவராகத் தெரிவானார். நாடற்றவர்கள் என்று மிஞ்சியிருந்தவர்களுக்கு 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. உங்கள் தாத்தா முதல் முறை எந்த வருஷம் ஓட்டுப் போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். வயதைக் கணக்குப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும்.

எங்களுக்கு எத்தனை எம்.பி.? எல்லாருக்கும் எழுத வேண்டுமா?

பாராளுமன்றத்தில் மொத்தம் 225 பேர். 196 பேர் மாவட்டங்களில் இருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலும் வருகிறார்கள். நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டுப் பேர். வாக்காளர்கள் ஆறு இலட்சத்துக்கு மேல். தொகுதிக்கு ஒருவர் என்ற பழைய முறை இப்போது இல்லை, அதனால் எட்டுப் பேரும் உங்கள் எம்.பி.தான்.

ஒரே கடிதத்தை எட்டுப் பேருக்கும் அனுப்பினால், "மற்றவர் பார்ப்பார்" என்று எட்டுப் பேரும் வைத்துவிடுவார்கள். இது என் அனுபவம். அந்த விஷயத்தில் ஏற்கெனவே பேசியிருக்கிற ஒருவருக்கு எழுதுங்கள். முடிந்தால் ஆளும் கட்சியில் ஒருவர், எதிர்க்கட்சியில் ஒருவர் என்று இரண்டு பேருக்கு அனுப்புங்கள். ஆளும் கட்சிக்காரருக்கு அமைச்சின் கதவு சுலபமாகத் திறக்கும். எதிர்க்கட்சிக்காரர் சபையில் கூச்சமில்லாமல் கேட்பார்.

இரத்தினபுரி, கேகாலையில் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே தமிழ் உறுப்பினர் ஒருவர் வருவது கஷ்டம். அங்குள்ளவர்கள் தங்கள் மாவட்டத்துச் சிங்கள எம்.பி.க்கு எழுதத் தயங்கக் கூடாது. உங்கள் ஓட்டிலும்தான் அவர் வந்திருக்கிறார்.

நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. என் சங்கமும் வேறு. கேட்கலாமா?

கேட்கலாம். மலையகத்தில் தொழிற்சங்கமும் கட்சியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் இந்தப் பயம் வருகிறது. சந்தா எந்தச் சங்கத்துக்குப் போகிறது என்று பார்த்துக் கடிதத்தைத் தள்ளி வைக்கிற எம்.பி. அலுவலகங்களும் உண்டு, அதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் திரும்பவும், இந்த முறை பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதத்தில் கட்சி, சங்கம் பெயரே வேண்டாம்.

எந்தப் பிரச்சினைக்கு எம்.பி.யிடம் போவது, எதற்குப் போகக் கூடாது?

ஒரு நாள் பேர் (ஒரு நாள் வேலைக்கான சம்பளக் கணக்கு) போடவில்லை, கொழுந்து நிறுக்கும்போது கிலோவைக் குறைத்துவிட்டார்கள் என்றால் முதலில் தோட்டத் தலைவர், அப்புறம் சங்கத்தின் மாவட்டக் காரியாலயம், அதற்கும் அப்புறம் தொழில் திணைக்களம். குப்பை, தெருவிளக்கு, சிறு பாதை எல்லாம் பிரதேச சபை. 2025 மே மாதம் சபைகளுக்குத் தேர்தல் நடந்தது, உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களை விட்டு நேரே எம்.பி.யிடம் ஓடுவது வீண் அலைச்சல். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் என்றால் கிராம சேவகரும் பிரதேச செயலகமும்.

மாகாணப் பாடசாலை, மாகாண வீதி, சிறு வைத்தியசாலை இவை எல்லாம் மாகாண சபையின் வேலை. மத்திய மாகாணத்தில் 2013க்குப் பிறகும் ஊவாவில் 2014க்குப் பிறகும் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. நாங்கள் தெரிவு செய்த ஆள் என்று அங்கே கேட்க யாரும் இல்லாமல் போனதால், அந்தச் சுமையும் எம்.பி.யின் தலையில் விழுந்திருக்கிறது. இதற்கு அவரிடம் போவது நியாயமே.

ஒரு ஆளுக்கு மட்டும் இல்லாமல் பல தோட்டங்களுக்கும் பொதுவாக இருக்கிற பிரச்சினை, சட்டத்தையோ பட்ஜெட்டையோ தொடுகிற பிரச்சினை, ஒரு திணைக்களம் பல மாதமாகப் பதில் சொல்லாத பிரச்சினை என்றால் தயங்காமல் எம்.பி.யிடம் போங்கள்.

சம்பளத்தை எம்.பி. கூட்டித் தர முடியாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்பு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கம்பனிகள் பக்கம் முதலாளிமார் சம்மேளனமும் எங்கள் பக்கம் சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் போடும். அதில்தான் நாட்சம்பளம் முடிவாகும். 2021இல் 1,000 ரூபா சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்தது. அதோடு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து விலகின. சம்பளம் மட்டும் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்த மற்ற ஏற்பாடுகளும் அந்தரத்தில் தொங்கின. நாளைக்கு இத்தனை கிலோ பறித்தால்தான் முழுப் பேர் என்ற அழுத்தம் அதற்குப் பிறகுதான் பல தோட்டங்களில் கூடியது.

2024 மே தினத்தை ஒட்டி 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, அது நின்றது. அந்த வருஷம் செப்டெம்பரில் 1,350 என்று முடிந்தது. 2026ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில், கம்பனி தரும் சம்பளத்தை 1,550 ஆக்கி, அதற்கு மேல் 200 ரூபாவை அரசாங்கம் வரவுக் கொடுப்பனவாகத் தந்து மொத்தம் 1,750 என்று அறிவித்தார்கள்.

இந்தக் கதையில் எம்.பி. எங்கே வருகிறார்? சம்பள நிர்ணய சபையில் அவருக்கு ஓட்டு இல்லை. கம்பனிக்கு அவர் கட்டளை போட முடியாது. ஆனால் பட்ஜெட் விவாதத்தில் தொழில் அமைச்சுக்கும் பெருந்தோட்ட அமைச்சுக்கும் ஒதுக்கிய குழுநிலை நாட்கள் உண்டு. அன்றைக்கு அவர் எழும்பி, "இந்தத் தோட்டத்தில் 20 கிலோ பறித்தவருக்கும் அரைப்பேர்தான் போட்டிருக்கிறார்கள், இதோ சம்பளச் சீட்டு" என்று காட்டினால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் சீட்டு எங்கே இருந்து வரும்? எங்களிடம் இருந்துதான். நான் பார்த்தவரையில் பல வீடுகளில் சம்பளச் சீட்டை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து எடுத்து வையுங்கள். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தால் போதும்.

இன்னொன்று. சபைக்குள் பேசுகிற பேச்சுக்காக ஒரு எம்.பி. மேல் வழக்குப் போட முடியாது. பாராளுமன்றச் சிறப்புரிமை அது. வெளியே கம்பனிப் பெயரைச் சொல்லப் பயப்படுகிறவர்கள் உள்ளே சொல்லலாம். அதனால்தான் நாங்கள் கொடுக்கிற தகவல் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன். ஒரு முறை பொய்யாகிப் போனால் அடுத்த முறை எங்கள் தோட்டத்தின் பெயரை அவர் எடுக்க மாட்டார்.

வீடு, காணி விஷயம் ஏன் இவ்வளவு இழுக்கிறது?

காணி அரசாங்கத்தினுடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் இருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு நிர்வாகத்தைக் கொடுத்தது, பிறகு நீண்ட காலக் குத்தகையாயிற்று. ஆகவே ஒரு வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் வேண்டுமென்றாலும் கம்பனி விட்டுக்கொடுக்க வேண்டும், அரசு விடுவிக்க வேண்டும், நில அளவை நடக்க வேண்டும், மண்சரிவு இல்லை என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ல வேண்டும். இதில் ஒரு கயிறு அறுந்தாலும் வேலை நின்றுவிடும்.

இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி அறிவித்த 10,000 வீடுகள், அரசாங்கத்தின் சொந்தத் திட்டங்கள் என்று பல உண்டு. 2018இல் மலையகத்துக்கான புதிய கிராமங்கள் அதிகார சபைக்கும் சட்டம் வந்தது. ஆனாலும் லயத்தில் பிறந்து லயத்திலேயே கண் மூடுகிறவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். என் பெரியம்மா அப்படித்தான் போனார், ஒரு காம்பராவில் ஏழு பேரோடு.

எம்.பி.யிடம் "வீடு தாங்க" என்று எழுதினால், "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி வரும். அதைவிட, "எங்கள் டிவிஷனுக்கு ஒதுக்கிய காணி எந்தக் கட்டத்தில் நிற்கிறது, கம்பனி விடுவித்த திகதி என்ன, வீடு கட்டியவர்களுக்கு உறுதி எப்போது" என்று அமைச்சரிடம் வாய்மூல வினாவாகக் கேட்கச் சொல்லுங்கள். இலக்கமும் திகதியும் கேட்டால் இலக்கமும் திகதியும்தான் பதிலாக வரும். உறுதிப் பத்திரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீடு கட்டிக் குடியேறிப் பல வருஷமாகியும் கையில் உறுதி இல்லாதவர்களுக்கு வங்கிக் கடனும் கிடைக்காது.

மண்சரிவு அபாயம் என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் போக இடமில்லை. என்ன செய்வது?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. அந்த மலை சரியும் என்று முன்னமே எச்சரிக்கை இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் முழுவதும் அதே பயம், பல இடங்களில் அதே சாவு. ஆகவே இந்த விஷயத்தில் காத்திருக்காதீர்கள்.

உங்கள் லயத்தைப் பற்றி அறிக்கை இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அதாவது 2016இன் 12ஆம் இலக்கச் சட்டத்தில், பிரதேச செயலகத்திடமோ தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடமோ தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். அந்த அறிக்கையின் பிரதியோடு எம்.பி.யிடம் போங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அரசாங்க அதிபரும் திணைக்களத் தலைவர்களும் எம்.பி.க்களும் ஒரே மேசையில் உட்காருவார்கள். அறிக்கை கையில் இருந்தால் அங்கேயே "இந்தக் குடும்பங்களை எங்கே, எந்தத் திகதிக்குள் மாற்றுவீர்கள்" என்று கேட்க வைக்கலாம். இதற்கு மட்டும் தபாலை நம்பாதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து நேரே போங்கள்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

ஒரு கடிதத்தில் ஒரு பிரச்சினை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "மாண்புமிகு, மக்களின் இதயத்தில் வாழும்" என்று பாதிப் பக்கம் நிரப்பாதீர்கள். பெயர், தோட்டம், டிவிஷன், லய இலக்கம், போன் நம்பர் மேலே வர வேண்டும்.

"எங்கள் பாதை படுமோசம்" என்று எழுதி வந்த ஒரு தம்பியிடம் நான் அரை மணி நேரம் கேள்வி கேட்டேன். கடைசியில் கடிதம் இப்படி வந்தது: "எங்கள் கீழ் டிவிஷனில் இருந்து பிரதான வீதிக்கு நாலு கிலோமீட்டர். 62 குடும்பங்கள். கடைசி ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அம்பியுலன்ஸ் வராது. பிரசவ வலி வந்தவரைக் கம்பளியில் கட்டித் தூக்கிப் போகிறோம். பிரதேச சபைக்கு இரண்டு முறை எழுதினோம், பிரதிகள் இணைப்பு." இதை வாசிக்கிற எம்.பி. அப்படியே சபையில் எழும்பி வாசிக்கலாம்.

என் சொந்த விஷயத்தில் நான் ஒரு பிழை விட்டேன். அம்மாவின் சேமலாப நிதி கிடைக்கவில்லை. தோட்டத்து வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு எழுத்து. அலுவலகம் ஒன்றில் பதினாலு மாதம் அலைய விட்டார்கள். எம்.பி.யின் கடிதம் வாங்கிப் போனேன், அப்போதும் நகரவில்லை. பெயர் மூன்றும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து, தோட்ட நிர்வாகத்திடம் உறுதிக் கடிதம் வாங்கி, அவற்றை இணைத்த பிறகு மூன்று கிழமையில் காசு வந்தது. எம்.பி.யின் சிபாரிசு பத்திரங்களுக்கு ஈடாகாது என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

தமிழில் எழுதினால் வாசிப்பார்களா?

வாசிக்க வேண்டும். தமிழ் அரசகரும மொழி. பாராளுமன்றத்திலும் உறுப்பினர் தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. ஒரு அரச அலுவலகம் உங்கள் தமிழ்க் கடிதத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் போட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

பெண்களின் பிரச்சினையைச் சபையில் யாராவது பேசுகிறார்களா?

கொழுந்து மலையில் நாள் முழுக்க நிற்பவர்கள் பெண்கள். சங்க மேடையில் நின்றதும் சபைக்குப் போனதும் நெடுங்காலம் ஆண்களே. 2024 தேர்தலில்தான் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல், மாத்தறையில் சரோஜா சாவித்திரி போல்ராஜ் என்று மலையகத் தமிழ்ப் பெண்கள் மூன்று பேர் தெரிவானார்கள். எந்தக் கட்சி என்பதைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்கிறேன், அந்தச் செய்தி வந்த காலை காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் எங்கள் பெரட்டுக்களத்தில் அக்காமார் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

மலையில் கழிப்பறை இல்லை, குளவி கொட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறிதான், பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். இவற்றை என் மேசையில் ஆண்கள் இருக்கும்போது யாரும் சொல்வதில்லை. எல்லாரும் போன பிறகு வந்து மெல்லச் சொல்வார்கள். எழுதுங்கள் அக்கா. பெயர் போட விருப்பமில்லை என்றால் பத்துப் பேராகக் கையெழுத்து வைத்து, மாதர் சங்கம் என்று அனுப்பலாம்.

பதிலே வராவிட்டால்?

ஒரு மாதம் பொறுங்கள். பிறகு பிரதியோடு நினைவூட்டல் அனுப்புங்கள். எம்.பி.யின் செயலாளர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு போன் எடுங்கள். பாராளுமன்ற அமர்வு இல்லாத வாரத்தில் அவர் ஊரில் இருப்பார், அப்போது நேரே பார்க்கலாம். அரச அதிகாரி செய்த அநியாயம் என்றால் பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழு இருக்கிறது. அந்த மனுவை ஒரு எம்.பி. வழியாகத்தான் சமர்ப்பிக்க வேண்டும். முதலாமவர் மறுத்தால் இன்னொருவரிடம் கொடுங்கள்.

அவர் உண்மையிலேயே பேசினாரா என்று எப்படித் தெரியும்?

ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் வருகிறது. போனில் இறக்கி, அவர் பெயரையும் உங்கள் தோட்டத்தின் பெயரையும் தேடுங்கள். சமூக ஊடகத்தில் வரும் இரண்டு நிமிட வீடியோவில் அவர் கேட்டது மட்டும்தான் இருக்கும். அமைச்சர் சொன்ன பதில் ஹன்சாட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கடித ஃபைலில் வையுங்கள்.

மனு எழுத நீங்கள் எவ்வளவு காசு எடுக்கிறீர்கள்?

காசு வேண்டாம். அடையாள அட்டை, முன்பு அனுப்பிய கடிதங்களின் பிரதி, கிடைத்தால் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இவற்றைக் கொண்டு வாருங்கள். ஞாயிறு காலை ஒன்பதில் இருந்து பகல் ஒரு மணிவரை வாசிகசாலை திறந்திருக்கும். மழை என்றால் கோவில் மண்டபத்தில் இருப்பேன்.